சர்க்கரை டப்பாவும் ஷாஹெட்டும்

எங்கள் பழைய வீட்டுச் சமையலறையில் ஒரு மர அலமாரி இருந்தது. அதன் நான்கு கால்களும் நான்கு கிண்ணங்களுக்குள் நிற்கும். கிண்ணங்களில் தண்ணீர். சர்க்கரை டப்பாவைத் தேடி வரும் எறும்புக்கான அகழி அது. உள்ளே பலகாரத் தட்டின் மேல் வலைமூடி, ஈக்காக. தயிர்ச்சட்டியைப் பூனையிடமிருந்து காப்பாற்ற விட்டத்திலிருந்து உறி. எல்லாவற்றையும் தாண்டி வருவதற்கு அம்மாவின் கையில் பனையோலை விசிறி. இவற்றில் எந்த ஒன்றும் முழுக்காவல் கிடையாது. தண்ணீரில் தூசி படிந்தால் எறும்பு அதன் மேலேயே நடந்து போகும். வலைமூடியைச் சரியாக மூட யாராவது மறப்பார்கள். ஆனாலும் தீபாவளிக்குச் சுட்ட அதிரசம் கார்த்திகைவரை இருந்தது.

உக்ரைன் தன் நகரங்களை நோக்கி இரவுதோறும் வரும் ரஷ்ய ட்ரோன்களை எப்படித் தடுக்கிறது என்று படித்துக்கொண்டு போனபோது இந்த அலமாரிதான் கண்முன் வந்து நின்றது. தூங்குகிறவர்கள் தலையில் வெடிகுண்டு விழும் விஷயத்தை அதிரசத்தோடு சேர்த்துப் பேசுவது உறுத்தத்தான் செய்கிறது. ஆனால் ராணுவ மொழியில் சொன்னால் அது கருவிகளின் பெயர்ப்பட்டியலாக முடிந்துவிடும். சமையலறையில் வைத்துப் பார்த்தால் எது ஏன் எந்த வரிசையில் நிற்கிறது என்பது பிடிபடுகிறது.

வருவது எது?

பெரும்பாலும் ஷாஹெட்-136. வடிவமைத்தது ஈரான். ரஷ்யா அதற்கு கெரான்-2 என்று பெயர் மாற்றி, டாடர்ஸ்தானில் உள்ள அலபூகா தொழில் மண்டலத்தில் தானே செய்கிறது. உக்ரைன் வானில் அது முதலில் தென்பட்டது 2022 செப்டம்பரில். முக்கோண உடல். நீளம் மூன்றரை மீட்டர், இறக்கை முனையிலிருந்து முனைக்கு இரண்டரை மீட்டர், எடை சுமார் 200 கிலோ. மூக்கில் 40, 50 கிலோ வெடிமருந்து. பிற்பாடு வந்த சிலவற்றில் 90 கிலோ. வாலில் ஒரு விசிறி, அதைச் சுழற்ற ஒரு டூ-ஸ்ட்ரோக் எஞ்சின். அந்தச் சத்தத்தைக் கேட்டு உக்ரைன்காரர்கள் வைத்த பட்டப்பெயர் ‘மொபெட்’. தீவன மூட்டையோடு மேடேறும் டி.வி.எஸ் 50-ஐ நினைத்துக்கொண்டால் நமக்குப் பாதி புரிந்துவிடும்.

வேகம் மணிக்குச் சுமார் 180 கிலோமீட்டர். பயணிகள் விமானத்தின் வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கு. அதை யாரும் உட்கார்ந்து ஓட்டுவதில்லை. போய்ச்சேர வேண்டிய இடத்தைப் புறப்படும் முன்பே அதற்குள் ஊட்டிவிடுகிறார்கள். செயற்கைக்கோள் சமிக்ஞையைப் பார்த்துப் பார்த்துப் பறந்து, அந்தப் புள்ளிக்கு மேலே வந்ததும் தலைகுப்புற விழும். திரும்பி வர வேண்டிய வேலை அதற்கு இல்லை.

விலையைப் பற்றி ஆளுக்கொரு கணக்கு சொல்கிறார்கள். அதிகம் அடிபடுவது 20,000 முதல் 50,000 டாலர். எதிர்ப்பக்கம், மேற்கு நாடுகள் கொடுத்ததிலேயே பெரிய காவல் பேட்ரியாட். அதன் புதிய வகை ஏவுகணை ஒன்றின் விலை ஏறக்குறைய 40 லட்சம் டாலர். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தியவன் கதை நமக்குத் தெரியும். 2017-இல் அமெரிக்கத் தளபதி டேவிட் பெர்கின்ஸ் ஒரு கூட்டத்தில் கிட்டத்தட்ட அதே கதையைத்தான் சொன்னார். நெருங்கிய நட்பு நாடு ஒன்று, கடையில் 200 டாலருக்குக் கிடைக்கும் ஒரு குட்டி ட்ரோனை 30 லட்சம் டாலர் பேட்ரியாட்டால் சுட்டு வீழ்த்தியதாம். நாட்டின் பெயரை அவர் சொல்லவில்லை. குறி தப்பவில்லை, பணப்பை தப்பியதா என்பதுதான் அவருடைய கேள்வி.

பணத்தோடு முடிந்தால்கூடப் பரவாயில்லை. 2025 செப்டம்பர் 7 அன்று ஒரே இரவில் ரஷ்யா 800-க்கும் மேற்பட்ட ட்ரோன்களை அனுப்பியதாக உக்ரைன் விமானப்படை கணக்குக் காட்டியது. கீவ் நகரத்தில் அமைச்சரவைக் கட்டடமே தீப்பிடித்த இரவு அது. பேட்ரியாட்டின் அந்தப் புதுவகை ஏவுகணை உலகம் முழுவதற்குமாக ஆண்டுக்குச் சில நூறுதான் தயாராகிறது. வானத்தின் உச்சியிலிருந்து விழும் பாலிஸ்டிக் ஏவுகணைகளைத் தடுக்க உக்ரைனிடம் நம்பத்தக்கதாக இருப்பதும் கிட்டத்தட்ட அது ஒன்றுதான். ஆகவே மொபெட்டுக்கு அதைச் செலவழித்தால் பின்னால் வரும் லாரிக்கு ஒன்றும் மிஞ்சாது. ரஷ்யாவுக்கும் இது தெரியும். ஷாஹெட்டுகளுக்கு நடுவே கெர்பெரா என்ற ஒன்றையும் சேர்த்து அனுப்புகிறது. மெல்லிய பலகையும் நுரையும் ஒட்டிச் செய்த பொய் ட்ரோன். பலவற்றில் வெடிமருந்தே கிடையாது. ஆள் வருகிறான் என்று காட்டி எதிராளியின் தோட்டாவைத் தின்பதுதான் அதன் வேலை.

எனவே உக்ரைன் கேட்க வேண்டிய கேள்வி வீட்டுச் செலவுக் கணக்கு எழுதுகிறவர் கேட்பதுதான்: இன்று இரவும், நாளை இரவும், மாதம் முப்பது நாளும் செய்ய முடிகிற காரியமா இது?

முறத்தில் புடைத்தது

அடிப்பதற்கு முன் கண்ணில் பட வேண்டும். அங்கேதான் முதல் சிக்கல்.

ரேடார் ஒரு முறம். அலையை வீசுகிறது, எதிரொலித்து வருவதை வாங்குகிறது, வாங்கியதைப் புடைக்கிறது. புடைக்காவிட்டால் திரை முழுக்க மேகமும் மழையும் கொக்குக் கூட்டமும்தான் தெரியும். அதனால் அரை நூற்றாண்டாக ரேடார் செய்தவர்கள் ஒரு விதி வைத்திருந்தார்கள்: பெரியதாக, உலோகமாக, வேகமாக இருந்தால் அரிசி, சிறியதாக, மெதுவாக, தாழ்வாக இருந்தால் உமி, ஊதித் தள்ளு. போர் விமானங்களின் காலத்துக்கு அது சரியான விதி. ட்ரோன் வந்தபோது அது உமியோடு உமியாகப் பறந்துபோனது.

சரி, புடைப்பதை நிறுத்திவிடலாமா? நிறுத்தினால் ஊரிலுள்ள ஒவ்வொரு காக்கைக்கும் அபாயச் சங்கு ஊத வேண்டிவரும். புதிய ரேடார்கள் வேறு வழியில் போகின்றன. அவை புடைப்பதோடு நிற்காமல் கல் பொறுக்குகின்றன. பறவை இறக்கை அடிக்கும்போது திரும்பி வரும் அலையில் மெதுவான ஓர் ஏற்ற இறக்கம் இருக்கும். ட்ரோனின் விசிறி சுழலும்போது படபடவென்று வேகமான, சீரான துடிப்பு இருக்கும். அரிசியின் பளபளப்பும் கல்லின் பளபளப்பும் வேறு என்று பாட்டிமார் கண்டுபிடிப்பதைப் போல, அந்தத் துடிப்பை வைத்து எது பறவை, எது எஞ்சின் என்று பிரிக்கிறார்கள்.

பொறுக்கும்போதும் கை தவறும். 2024 ஜூலை 19 விடிகாலையில் ஏமனிலிருந்து ஹூத்திக் கிளர்ச்சியாளர்கள் அனுப்பிய ஒரு ட்ரோன் டெல் அவிவ் நகரத்துக்குள் வெடித்து ஒருவர் இறந்தார். இஸ்ரேலின் வான்காவல் வலை உலகிலேயே மிக அடர்த்தியானவற்றில் ஒன்று. ட்ரோன் திரையில் தெரிந்திருக்கிறது. அதை ஆபத்து என்று யாரும் வகைப்படுத்தவில்லை, சங்கும் ஒலிக்கவில்லை. மனிதத் தவறு என்று இஸ்ரேலிய ராணுவமே சொன்னது. சோற்றில் கல் கடிபடும்போது வீட்டில் சொல்லும் அதே விளக்கம்.

இன்னொன்று, பூமி உருண்டை. ரேடார் அலை கிட்டத்தட்ட நேராகப் போகிறது, தரை வளைந்து கீழே இறங்குகிறது. பத்து மீட்டர் கம்பத்தின் மேல் ஒரு ரேடாரை வைத்தால், ஐம்பது மீட்டர் உயரத்தில் தாழப் பறந்து வரும் பொருள் சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில்தான் அடிவானத்துக்கு மேல் தலைகாட்டும். அதுவும் மரமோ மேடோ குறுக்கே இல்லாத சமவெளியில். ஷாஹெட் நிமிடத்துக்கு 3 கிலோமீட்டர் வருகிறது. கையில் இருப்பது 13 நிமிடம். ஆற்றுப் படுகையை ஒட்டித் தாழ வந்தால் அதுவும் இல்லை. மேடை விளிம்புக்குக் கீழே ஊரும் எறும்பு, நின்றுகொண்டு சமைக்கிறவர் கண்ணில் படாதது போல.

குக்கர் விசில்

இந்த இடத்தில் உக்ரைன் செய்த காரியம்தான் எனக்கு மொத்தத்திலும் பிடித்தது. கண்ணுக்குத் தெரியாவிட்டால் காதைப் பயன்படுத்து.

கூடத்தில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருப்பவருக்குச் சமையலறை தெரியாது. ஆனால் குக்கர் மூன்றாவது விசில் அடித்தது தெரியும். அது நம் குக்கரா பக்கத்து வீட்டுக் குக்கரா என்பதும் தெரியும். ஷாஹெட்டின் எஞ்சினுக்கும் அப்படி மறைக்க முடியாத ஒரு குரல் இருக்கிறது. அதைப் பிடிக்க ‘ஸ்கை ஃபோர்ட்ரெஸ்’ என்ற பெயரில் ஒரு வலைப்பின்னலை அமைத்தார்கள். ஆளுயரக் கம்பம், அதன் மேல் ஒலிவாங்கி, கூடவே ஒரு கைபேசி. அவ்வளவுதான். ஒன்றுக்கு 400, 500 டாலர் செலவு. 2024-இல் அமெரிக்க விமானப்படைத் தளபதி ஜேம்ஸ் ஹெக்கர் இதைப் பற்றி வெளிப்படையாகப் பேசியபோது நாடு முழுக்கச் சுமார் 10,000 கம்பங்கள் நட்டிருந்தார்கள். பெருக்கிப் பாருங்கள்: 50 லட்சம் டாலர். இரண்டு பேட்ரியாட் ஏவுகணைகளின் விலைகூட இல்லை.

ஒரு காது போதாதா, ஏன் பத்தாயிரம்? ஒலி நொடிக்கு 340 மீட்டர்தான் போகும். 3.4 கிலோமீட்டர் தள்ளிப் பறக்கும் ட்ரோனின் சத்தம் நம் கம்பத்துக்கு வந்துசேர 10 நொடி ஆகும். அதற்குள் ட்ரோன் 500 மீட்டர் நகர்ந்துவிட்டிருக்கும். ஒரு கம்பம் சொல்வது பழைய சேதி. வெவ்வேறு ஊர்களில் நிற்கும் பல கம்பங்கள் எந்த நொடியில் எவ்வளவு உரக்கக் கேட்டன என்பதை ஒரு கணினி வாங்கிச் சேர்த்தால்தான் ட்ரோன் இப்போது எங்கே, எந்தப் பக்கம், இன்னும் ஐந்து நிமிடத்தில் எந்த ஊருக்கு மேல் என்று வரைய முடியும். நான்கு வீட்டுப் பெண்கள் ஜன்னல் வழியாகப் பேசித் தெருவுக்குள் யார் நுழைந்திருக்கிறார்கள் என்று கண்டுபிடிப்பதற்கும் இதற்கும் முறையில் வித்தியாசமில்லை.

பொதுமக்களும் சேர்ந்துகொண்டார்கள். 2022-இலேயே ஒரு கைபேசிச் செயலி வந்தது. ட்ரோனைப் பார்த்தவர் கைபேசியை அந்தத் திசைக்கு நீட்டி ஒரு பொத்தானை அழுத்தினால் சேதி வான்காவல் படைக்குப் போய்விடும். கம்பங்களின் காது, ரேடாரின் கண், மக்களின் விரல் எல்லாம் ஒரே வரைபடத்தில் விழுகின்றன. வயலோரத்தில் நிற்கும் ஒரு பழைய பிக்-அப் வண்டியில் இருக்கும் டேப்லெட்டில் அது தெரிகிறது.

மிக்ஸி ஓடும்போது

தூர்தர்ஷன் காலத்தில் வளர்ந்தவர்களுக்கு ஒன்று நினைவிருக்கும். ஞாயிற்றுக்கிழமை படம் ஓடிக்கொண்டிருக்கும்போது சமையலறையில் யாராவது மிக்ஸியைப் போட்டால் திரை முழுக்கக் கோடுகள் ஓடும். மிக்ஸி மோட்டாரின் கார்பன் பிரஷ் தீப்பொறி விட, அது எல்லா அலைவரிசைகளிலும் இரைச்சலாகப் பரவி, ஆண்டெனா வாங்கும் மெல்லிய சமிக்ஞையை விழுங்கிவிடும். “மிக்ஸிய நிறுத்துங்கடி!” என்று கூடத்திலிருந்து சத்தம் வரும். அந்தக் கணத்தில் நம் வீட்டில் நடந்துகொண்டிருந்தது மின்னணுப் போர்தான்.

ட்ரோன் எதிர்ப்பில் மலிவான ஆயுதமும் இதுதான். ஆள் ஓட்டும் சிறு ட்ரோன்கள் இரண்டு நூலில் ஆடும் பொம்மைகள்: ஓட்டுகிறவரிடமிருந்து கட்டளை போக ஒரு வானொலி அலை, கேமராப் படம் திரும்பி வர இன்னொன்று. அந்த அலைவரிசையில் இரைச்சலைக் கொட்டினால் ஓட்டுகிறவர் கண் தெரியாதவராகிவிடுவார். ஷாஹெட்டுக்கு ஓட்டுநர் இல்லை. அதற்கு வேறு நூல், செயற்கைக்கோள். 20,000 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வரும் அந்தச் சமிக்ஞை தரையைத் தொடும்போது தெருமுனையில் நிற்பவர் கிசுகிசுப்பது போல இருக்கும். மிக்ஸி ஓடும் வீட்டில் அது எங்கே கேட்கப்போகிறது?

இதைவிட நுட்பமான வேலை ஒன்று உண்டு. இரைச்சல் போடாமல் பொய் சொல்வது. சுவர்க் கடிகாரத்தை யாரோ பத்து நிமிடம் தள்ளி வைத்துவிட்டால் வீடே தவறான நேரத்துக்கு நடக்கும். யாருக்கும் சந்தேகமும் வராது. செயற்கைக்கோள் வழிகாட்டியும் அடிப்படையில் கடிகாரம்தான். ஒவ்வொரு செயற்கைக்கோளும் நேரத்தை ஒலிபரப்புகிறது. சேதி எவ்வளவு தாமதமாக வந்தது என்பதை வைத்து ட்ரோன் தன் இடத்தைக் கணக்கிடுகிறது. ஒளி மைக்ரோநொடிக்கு 300 மீட்டர் போகிறது. பத்து மைக்ரோநொடிப் பொய்யை நம்பினால் கணக்கில் ஒரு தூரமே 3 கிலோமீட்டர் பிசகிவிடும். உக்ரைன் விமானப்படை காலையில் வெளியிடும் அறிக்கையில் ‘சுட்டு வீழ்த்தியவை’ என்பதற்குப் பக்கத்தில் ‘இருப்பிடம் தெரியாமல் போனவை’ என்று இன்னொரு எண் இருப்பது இதனால்தான். வழிதவறி எங்கோ வயலில் விழுந்தவை, எரிபொருள் தீரும்வரை சுற்றியவை. சில பெலாரஸுக்குள்ளேயே போய்விட்டிருக்கின்றன. அது ரஷ்யாவின் நட்பு நாடு.

ரஷ்யா சும்மா இருக்கவில்லை. ‘கொமெட்டா’ என்ற ஆண்டெனாத் தொகுப்பைப் பொருத்தியது. ஓர் ஆண்டெனாவுக்குப் பதில் நான்கு, பிறகு எட்டு, பதினாறு. பல காதுகள் இருந்தால் இரைச்சல் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று ஒப்பிட்டு அந்தத் திசையை மட்டும் செவிடாக்கிக்கொள்ள முடியும். மிக்ஸிப் பக்கக் காதைக் கையால் பொத்திக்கொண்டு மறுகாதில் தொலைபேசி பேசுகிறோமே, அதுதான். பதிலுக்கு உக்ரைன் பல திசைகளில் பல மிக்ஸிகளை வைக்கிறது. இந்த இழுபறி மாதக்கணக்கில் அளக்கும் வேகத்தில் நடக்கிறது. எறும்பு நம் கிண்ணத்தைக் கடக்கப் படகு கட்டாது. இந்த எறும்பு கட்டும். உவமை கைவிடும் இடம் அதுதான்.

கடுகு வெடிக்கும் தூரம்

மிக்ஸிக்கு அடங்காததைச் சுட வேண்டும். வானத்தில் நகரும் இரண்டரை மீட்டர்ப் பொருளை ஒற்றைத் தோட்டாவால் அடிப்பது எவ்வளவு கடினம் என்பது கையால் ஈ பிடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

தாளிக்கும்போது கடுகு ஏன் முகத்தில் தெறிக்கிறது? ஒரு கடுகு நம்மைக் குறிவைப்பதில்லை. நூறு கடுகு நூறு திசையில் வெடிக்கும்போது ஒன்றாவது படும். சுவிட்சர்லாந்தின் ஓர்லிகான் வடிவமைத்த ‘அஹெட்’ குண்டு இந்த முறையில் வேலை செய்கிறது. 35 மில்லிமீட்டர்க் குண்டு ஒன்றுக்குள் 3.3 கிராம் எடையுள்ள 152 டங்ஸ்டன் மணிகள். குண்டு பீரங்கியின் வாயைக் கடக்கும் நொடியில் அதன் வேகத்தை அளந்து, எப்போது வெடிக்க வேண்டும் என்ற நேரத்தை அதற்குள் எழுதி அனுப்புகிறார்கள். ட்ரோனுக்குச் சற்று முன்னால் வெடித்து மணிகள் கூம்பாகப் பரவி நிற்க, ட்ரோன் தானே பறந்து வந்து அந்தக் கூம்புக்குள் நுழைகிறது.

உக்ரைனில் பெயர் வாங்கிய பீரங்கி இதைவிடப் பழையது. ஜெர்மனியின் கெபார்ட். தொட்டிலைப் போன்ற கோபுரத்தில் இரட்டை 35 மில்லிமீட்டர்க் குழல்கள், நிமிடத்துக்கு 1,100 குண்டு. பனிப்போர்க் காலத்தில் செய்து, ஜெர்மன் ராணுவம் ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்ட வண்டி. பரணிலிருந்து இறக்கிய அம்மியில் அரைத்தால் சட்னி ருசிப்பது போல, 2022-இல் இறக்கியதும் ஷாஹெட்டுக்கு அதுதான் சரியான மருந்து என்று தெரிந்தது. ஆனால் குண்டு சுவிட்சர்லாந்தில் செய்தது. போர் நடக்கும் நாட்டுக்குக் கொடுக்க நடுநிலைச் சட்டம் இடம் தராது என்று அந்த நாடு மறுத்துவிட்டது. கடைசியில் ஜெர்மனியில் ரைன்மெட்டால் நிறுவனம் அந்தக் குண்டுக்காகவே மறுபடி உற்பத்தியைத் தொடங்க வேண்டியிருந்தது. அம்மி இருக்கிறது, குழவி பக்கத்து வீட்டில்.

கெபார்ட் எல்லா ஊருக்கும் கிடைக்காது. அதனால் பிக்-அப் வண்டிப் படைகள். பின்னால் ஒரு கனரக இயந்திரத் துப்பாக்கி, தேடுவிளக்கு, வெப்பக் கேமரா, டேப்லெட். சில இடங்களில் 1910-ஆம் ஆண்டு வடிவமைப்பான மாக்சிம் துப்பாக்கியும் வேலை செய்தது. பகலில் வேறு உத்தியோகம் பார்ப்பவர்கள் இரவில் முறைபோட்டு இதில் ஏறுகிறார்கள். ஒடேசா பக்கம் இன்னும் விநோதம்: யாக்-52 என்ற சோவியத் காலப் பயிற்சி விமானத்தின் பின்னிருக்கையில் ஒருவர் துப்பாக்கியோடு உட்கார்ந்து, பக்கத்தில் பறந்தே ட்ரோனைச் சுட்டார். 1944-இல் லண்டனை நோக்கி வந்த வி-1 பறக்கும் குண்டுகளை பிரிட்டிஷ் விமானிகள் பக்கத்தில் பறந்து, இறக்கையை இறக்கையின் கீழ் கொடுத்துக் கவிழ்த்ததை இது நினைவூட்டியது.

2025-இல் ஷாஹெட்டுகள் உயரம் ஏறின. இரண்டு, மூன்று கிலோமீட்டர் உயரத்தில் வந்து, இலக்குக்கு மேலே செங்குத்தாக விழத் தொடங்கின. இயந்திரத் துப்பாக்கிக்கு அது எட்டாத உயரம். பூனைக்கு எட்டாத உயரத்தில் நாம் உறியைக் கட்டுவோம். இங்கே பூனைதான் உறியில் ஏறிக்கொண்டது.

நம் ஊரிலும் பழைய குழலின் கதை உண்டு. 2025 மே மாத மோதலின்போது ஓர் இரவில் 36 இடங்களை நோக்கி 300 முதல் 400 ட்ரோன்களைப் பாகிஸ்தான் அனுப்பியதாக இந்திய ராணுவம் சொன்னது. எதிர்கொண்டவற்றில் முன்னால் நின்றது எல்-70. ஸ்வீடனின் போஃபர்ஸ் நிறுவனம் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வடிவமைத்த 40 மில்லிமீட்டர்த் துப்பாக்கி. கண்ணை மட்டும் புதிதாக மாற்றி, கையை அப்படியே வைத்திருந்தார்கள்.

பல்லி

உயரம் ஏறிய மொபெட்டுக்கு உக்ரைன் கண்டுபிடித்த பதில், சமையலறைச் சுவரில் எப்போதும் இருந்த ஒன்று. ட்யூப் லைட்டுக்குப் பக்கத்தில் அசையாமல் ஒட்டியிருக்கும் பல்லி. பூச்சியைப் பிடிக்கப் பூச்சியைவிடக் கொஞ்சம் வேகமான இன்னொரு சிறு உயிர் போதும்.

‘வைல்ட் ஹார்னெட்ஸ்’ என்ற குழு செய்யும் ‘ஸ்டிங்’ அப்படி ஒன்று. குண்டு வடிவத்தில் முப்பரிமாண அச்சில் வார்த்த உடல், நான்கு விசிறிகள், மூக்கில் வெப்பக் கேமரா, கொஞ்சம் வெடிமருந்து. மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டும். ஷாஹெட்டின் 180-ஐத் துரத்திப் பிடிக்க அது போதும். விலை சில ஆயிரம் டாலர். இங்கே அடிக்கிற கை அடிபடுகிறதைவிட மலிவு. சிறு ரேடார் ஒன்று கிட்டத்தட்ட எங்கே என்று காட்ட, தரையில் கண்ணாடி மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் இளைஞர் கருப்புத் திரையில் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும் எஞ்சின் சூட்டைத் தேடிப் பின்னாலிருந்து மோதுகிறார். ஒரு நாளைக்கு ஆயிரம் இடைமறிப்பு ட்ரோன்கள் வேண்டும் என்று 2025-இல் உக்ரைன் அதிபர் ஜெலென்ஸ்கி இலக்கு வைத்தார்.

சொல்வது போல எளிதில்லை. பேட்டரி சில நிமிடங்களே தாங்கும், மழை மேகத்துக்குள் கேமரா திணறும், ஓட்டத் தெரிந்த கை குறைவு. பல்லியும் எல்லாப் பூச்சியையும் பிடித்துவிடுவதில்லை.

லேசரைப் பற்றி அதிகம் பேச்சு அடிபடுவதால் ஒரு வார்த்தை. கத்தரிக்காயைத் தணலில் சுடுவது போன்றது அது. ஒரே இடத்தில் சில நொடி சூடு நிற்க வேண்டும். காய் உருண்டால் வேகாது, நடுவில் புகையோ மூடுபனியோ வந்தாலும் வேகாது. பிரிட்டனின் ‘டிராகன்ஃபயர்’ ஒரு முறை சுட 10 பவுண்டுதான் ஆகும் என்கிறார்கள். அந்தக் கணக்கில் அடுப்பின் விலை சேரவில்லை. நுண்ணலை ஆயுதம் வேறு ரகம். மைக்ரோவேவ் அடுப்புக்குள் எவர்சில்வர் கரண்டியை மறந்து வைத்தவருக்கு அது என்ன செய்யும் என்று தெரியும். திறந்த வெளியில் அதையே பெரிதாகச் செய்து கூட்டமாக வரும் ட்ரோன்களின் மின்சுற்றைப் பொசுக்குகிறார்கள். 2025 ஆகஸ்டில் 49 ட்ரோன்களை ஒரே வீச்சில் வீழ்த்தியதாக அமெரிக்காவின் எபிரஸ் நிறுவனம் அறிவித்தது. கிட்டத்தில் வந்தால்தான் வேலை செய்யும்.

வலைமூடி

போர்முனைக்குப் பக்கத்தில் கதை மாறுகிறது. அங்கே வருவது ஷாஹெட் இல்லை. சிறிய நான்கு விசிறி ட்ரோன், அடியில் கட்டிய குண்டு. மிக்ஸி இரைச்சலால் அதைத் தடுத்துக்கொண்டிருந்தார்கள். 2024-இல் ரஷ்யர்கள் அலையையே விட்டுவிட்டார்கள். ட்ரோனில் ஒரு நூல்கண்டு, அதில் முடியைப் போன்ற கண்ணாடி இழை, பத்து இருபது கிலோமீட்டர் நீளம். பறக்கப் பறக்க இழை அவிழ்ந்து பின்னால் விழும். படமும் கட்டளையும் அதற்குள்ளேயே போகும். சிறுவயதில் இரண்டு தீப்பெட்டியை நூலில் கோத்துப் பேசிய தொலைபேசி. அதற்கு எந்த மிக்ஸியும் தொந்தரவு கொடுக்காது. உக்ரைனும் சீக்கிரமே அதைச் செய்தது. கிழக்கு உக்ரைனின் சில வயல்களில் வெயில் சாயும்போது இழைகள் சிலந்திவலையாக மின்னுகின்றன.

இதற்கு மின்னணுவில் பதில் இல்லை. எனவே வலைமூடி. சாலையின் இரு பக்கமும் கம்பம் நட்டு, மேலேயும் பக்கவாட்டிலும் வலை கட்டிக் கிலோமீட்டர் கணக்கில் கூண்டுச் சாலைகள். கெர்சன் நகரத்தில் ட்ரோன்கள் தெருவில் நடப்பவர்களையும் பேருந்துகளையும் துரத்தித் தாக்கியதை ஐ.நா. விசாரணைக் குழு 2025 மே மாதம் மனிதகுலத்துக்கு எதிரான குற்றம் என்றது. அந்த ஊர்ச் சாலைகளுக்கும் வலை வந்தது. ட்ரோனின் விசிறி வலையில் சிக்கினால் போதும், அது அங்கேயே தொங்கும், அல்லது வண்டியைத் தொடாமல் மேலேயே வெடிக்கும். வலைக்காக பிரான்ஸின் பிரெத்தான் கடற்கரை மீனவர்கள் தங்கள் பழைய மீன்வலைகளைச் சேர்த்து அனுப்பினார்கள். கடலில் உழைத்து ஓய்ந்த வலை நிலத்துச் சாலையின் மேல் விரிந்து நிற்கிறது.

ஒரு குண்டு வெடித்தால் வலையில் ஓர் ஓட்டை விழும். அடுத்த ட்ரோனுக்கு அந்த ஓட்டைதான் வாசல். வெயில் நன்றாக இருக்கும் நாளில் ஏணியில் ஏறினால் உயிர் போகும். அதனால் மூடுபனி இறங்கி ட்ரோன்களுக்குக் கண் மங்கும் காலைகளுக்காகப் பொறியாளர் படையினர் காத்திருக்கிறார்கள். பனி வந்ததும் ஏணியை வண்டியிலிருந்து இறக்கி, கம்பம் கம்பமாக நகர்ந்து, கிழிந்த கண்ணிகளை ஒவ்வொன்றாகக் கையால் முடிச்சுப் போட்டுக் கட்டுகிறார்கள். வெயில் ஏறுவதற்குள் இறங்கிவிட வேண்டும்.